நார்த்தூள் களத்துச் சிலந்திகள்

நவம்பர் 4, செவ்வாய்

ஸ்பெயினில் இறக்கிய நம் கன்டெய்னரில் உயிரோடு ஒரு சிலந்தி இருந்திருக்கிறது. வாங்குகிறவர் கிடங்கில் பிளாஸ்டிக் உறையைப் பிரித்த பெண்ணின் கையுறை மேல் ஏறி ஓடியதாம். அவள் போட்ட சத்தத்தில் வேலையே நின்றுவிட்டதாம். புகைப்படம் அனுப்பியிருக்கிறார்கள். கையுறை நன்றாகத் தெரிகிறது. சிலந்தி என் கண்ணுக்கு ஒரு பழுப்புப் புள்ளி.

இது என்ன சிலந்தி, விஷமா, செடிக்குக் கெடுதலா என்று விவரம் தெரிந்த ஆள் எழுத்தில் சொல்கிற வரைக்கும் அடுத்த மூன்று கன்டெய்னரும் கிளம்பக் கூடாது என்று கடிதம். நியாயம்தான். நான் வாங்குகிற இடத்தில் இருந்தால் நானும் இதையே கேட்பேன்.

நாச்சிமுத்துவிடம் படத்தைக் காட்டினேன். களத்தைப் பார்த்துக்கொள்கிறவன், ஆரம்பத்திலிருந்து என்னோடு இருக்கிறான். "நம்மூரு எட்டுக்காலுங்க மொதலாளி. பாஸ்போர்ட்டு விசா ஒண்ணுமில்லாம சீமைக்குப் போயிருக்குது பாருங்க. என்ற மச்சான் ரெண்டு வருசமா அலையறான்" என்றான்.

தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்தபின் விழுகிற தூளைத்தான் விற்கிறேன். ஒரு காலத்தில் மில்காரர்கள் அதை ரோட்டோரம் மலைமலையாகக் கொட்டிவிட்டு, எவனாவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தார்கள். அள்ளிக்கொண்டு போனவன் நான். கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி அனுப்பினால் அங்கே மண்ணுக்குப் பதிலாகப் போட்டு ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். குப்பையை விற்றவனுக்கு எட்டுக்கால் ஒரு விஷயமா?

மனைவி மரகதம் வீட்டில் இருந்தால் சாயங்காலம் இதை அவளிடம் சொல்லியிருப்பேன். மருமகள் பிரசவத்துக்கென்று பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை. பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த டைரி தேங்காய் மண்டிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது. சும்மா கிடந்தது, அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 5

உரக்கடைக்காரன் மருந்து அடித்துவிடலாம் என்கிறான். அடித்தால் சிலந்தி சாகும், சரக்கில் மருந்து வாடை நிற்கும், ஸ்பெயின்காரன் சோதனை போட்டு மொத்தத்தையும் திருப்புவான். அறிவாளி.

மகன் கோகுல் போன் பண்ணினான். பெரிய வீடு பார்த்திருக்கிறானாம், கார்த்திகை முடிவதற்குள் குடிபோகிறார்களாம். "அம்மாவுக்குன்னு தனி ரூம் இருக்குதுப்பா, பால்கனியோட." நல்ல விஷயம் என்றேன். பிறகு மரகதம் வாங்கிப் பேசினாள். பீரோவில் இருக்கிற மிச்சச் சேலைகளை எல்லாம் பார்சல் போட்டுவிடச் சொன்னாள்.

"எல்லாமா?"

"ஆமாங்க. அங்க கெடந்து என்ன பண்றது?"

சரி என்றேன். இது சரக்கு நின்று போன நேரம், பார்சல் கட்ட ஆள் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம்.

நவம்பர் 7, வெள்ளி

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற மெஹருன்னிசா என்கிற அம்மா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸில் வந்து, களத்து வாசலிலேயே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். டீயை நின்றபடி குடித்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஓநாய்ச் சிலந்தி சார். கண்ணைப் பாருங்க. கீழ சின்னதா நாலு, மேல பெருசா ரெண்டு, பின்னால ரெண்டு. வலை கட்டிட்டு உக்காந்திருக்காது, ஓடிப் புடிச்சுத் தின்னும். அதான் அந்தப் பேர்" என்றார்.

"அப்ப அதையே எழுதிக் கொடுத்துருங்கம்மா."

"அது குடும்பப் பேர் சார். உங்களைக் கேட்டா பொள்ளாச்சிக்காரர்னு மட்டும் சொன்னா போதுமா? இதுல நூத்துக்கணக்கா இருக்கு. அங்க போனது குட்டி. குட்டிக்குப் பேர் சொல்லவே முடியாது. வளந்த பொட்டை வேணும், இல்ல வளந்த ஆண் வேணும். பொட்டைக்கு அடிவயித்துல ஒரு அடையாளம் இருக்கும், அதை மைக்ராஸ்கோப்புல பார்த்தாத்தான் இன்னதுன்னு எழுத முடியும்."

கூலி பேசினேன். வேண்டாமாம். பதிலுக்கு ஒரு மாதம் களத்தில் மருந்து தெளிக்கக் கூடாது, அவர் மாணவிகள் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ள விட வேண்டும். தினமும் தன்னால் வர முடியாது, அந்தி நேரத்தில் நானே பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். கடைசி நிபந்தனையை விட்டுவிடக் கேட்டேன். "சார், உங்க களம், உங்க எட்டுக்கால்" என்றார். நன்றாகப் பேரம் பேசுகிறவர். ஒத்துக்கொண்டேன்.

நவம்பர் 8

டார்ச்சை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லியிருந்தார். கையில் பிடித்தால் தெரியாதாம். பொழுது இறங்கியதும் நெற்றியில் வைத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். பொய் சொல்லவில்லை, களம் முழுக்கப் பச்சைப் பச்சையாக மினுங்குகிறது. பனித்துளி என்று நினைத்துக் கிட்டே போனால் துளி ஓடுகிறது. அத்தனையும் கண். இத்தனை வருஷம் இந்தக் களத்தில் நடந்திருக்கிறேன், இத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியாது.

நாச்சிமுத்து வீட்டுக்குப் போய்விட்டான். மரகதத்துக்கு போன் போட்டேன். சேலை அனுப்பிவிட்டேனா என்று கேட்கப் போகிறாள் என்று, எடுத்ததும் சிலந்தியைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"வலை கட்டாதாக்கும்?"

"கட்டாது. ஓடித்தான் புடிக்கும்."

"அப்ப வீடு?"

"தார்ப்பாய் மடிப்பு, கட்டை அடி, நார்த்தூள் சந்து. எங்க வேணும்னாலும்."

"உங்களாட்டத்தான் இருக்குது" என்று சிரித்தாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கவில்லை. எத்தனை கண், எத்தனை பெரிசு, கடிக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் என்றேன். போன் காதில் சூடாகிற வரைக்கும் பேசினோம். சேலையை மறந்துவிட்டாள்.

நவம்பர் 10

மழை. தூளை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. மெஸ் சாப்பாட்டில் உப்பு இல்லை.

நவம்பர் 12, புதன்

வெயில் அடித்தது. சாயங்காலம் ஓர் ஆணைப் பார்த்தேன். பொட்டையை விடச் சிறிது, முகத்துக்கு முன்னால் கருப்பாக இரண்டு குட்டிக் கைகள். ஆண் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று மெஹருன்னிசா சொல்லியிருந்தார்.

ஒரு பொட்டை சும்மா நின்றுகொண்டிருந்தது. இவன் நாலு விரல்கடை தள்ளி நின்றான். ஒரு கையைத் தூக்கினான், இறக்கினான். மறு கையைத் தூக்கினான். முன்னங்கால் படபடவென்று ஆடியது, உடம்பே நடுங்கியது. பிறகு அசையாமல் நின்றான். அவள் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் முன்னால் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவள் பட்டென்று பாய்ந்தாள், இவன் பின்னால் துள்ளினான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. மறுபடி கையைத் தூக்கினான்.

இவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை. எடுத்த எடுப்பிலேயே தனக்கு வேண்டும் என்று காட்டிக்கொண்டால் எதிராளி ஏன் இறங்கி வருவான்? நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட முதலில் விலை சொன்னதில்லை. மண்டியில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்து, பேச்சை மழைக்கும் மாட்டுக்கும் திருப்பி, அவன் வாயிலிருந்து வரவழைத்த பிறகுதான் என் வாய் திறக்கும். முதலில் சொன்னவன் தோற்றான். இதை நான் யாரிடமும் கற்கவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன்.

மரகதமே போன் பண்ணினாள். "இன்னிக்கு உங்காளு என்ன பண்ணுச்சு?" சொன்னேன். வீடியோவில் தலை ஈரமாக இருந்தது. அடுக்குமாடிக் குளத்தில் நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம். ஐம்பத்து நாலு வயதில்.

"ஆழம் எத்தனை?" என்று கேட்டேன்.

"அதா இப்பக் கேக்கறது?" என்றாள்.

வேறு என்ன கேட்பது? ஆழம் தெரிய வேண்டாமா?

நவம்பர் 15

அவமானம். மூன்று நாளாக டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்த பெரிய சிலந்திகளை எல்லாம் ஒரே ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, நாச்சிமுத்துவிடம் கொடுத்து பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். சரக்கு என்றால் ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டித்தானே பழக்கம்? அங்கே திறந்தபோது ஒன்றுதான் இருந்ததாம். குண்டாக.

"சார், ஒரு டப்பாவுக்கு ஒண்ணு. இது தக்காளிக் கூடை இல்ல." மெஹருன்னிசா போனில் சத்தம் போட்டார். மிச்சமானதும் ஆய்வுக்கு ஆகாது, வேறு வகையாம். என் களத்தில் ஒரு வகை மட்டும் இல்லை என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. ஸ்பெயினிலிருந்து இன்னொரு கடிதம், இம்மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பார்களாம்.

மரகதத்திடம் சொன்னதற்குச் சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பிள்ளையும் பக்கத்தில் இருந்து காரணம் தெரியாமல் சிரித்தது. வீட்டில் இப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று எழுத வந்தேன். ஆனால் சத்தம் வந்தது போனிலிருந்துதான்.

நவம்பர் 16

மாத்திரை டப்பா, குங்குமச் சிமிழ், நகைக்கடை டப்பா எல்லாம் எடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று. பீரோவைத் திறந்தபோது சேலைகள் அப்படியே இருந்தன. மூடிவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

முட்டைப் பையோடு ஒரு பொட்டை. மிளகு அளவில் வெளுப்பாக ஓர் உருண்டையைப் பின்னால் ஒட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே ஓடுகிறது. தின்கிறபோதும் விடுவதில்லை. குஞ்சு பொரிந்தால் அத்தனையும் முதுகில் ஏறிக்கொள்ளுமாம், தானாக இறங்கிப் போகிற வரைக்கும் சுமக்குமாம்.

உருண்டை தொலைந்துபோனால் கிடைத்த எதையாவது அதே அளவில் எடுத்து ஒட்டிக்கொள்ளும் என்று மெஹருன்னிசா சொல்லியிருந்தார். நம்பவில்லை. ஈர்க்குச்சியால் மெதுவாக உருண்டையை எடுத்துத் தள்ளி வைத்தேன். அது பைத்தியம் பிடித்த மாதிரி வட்டம் போட்டது. அதே அளவில் ஒரு நார்த்தூள் உருண்டையைப் போட்டேன். தடவிப் பார்த்தது, கட்டிக்கொண்டது, பின்னால் ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. திருப்தியாக.

எனக்கு என்னமோ போலாகிவிட்டது. அதை மறித்து, நிஜ உருண்டையை முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் குழம்பியது. பிறகு நார்த்தூளை உதறிவிட்டு இதை எடுத்துக்கொண்டது. அப்போதுதான் எழுந்தேன், முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டது.

வீட்டில் டிவி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பார்ப்பதில்லை, சத்தத்துக்காக வைத்திருக்கிறேன். இன்று அணைத்தேன். பிறகு மறுபடி போட்டேன்.

இதை மரகதத்திடம் சொல்லவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

பேர் கிடைத்துவிட்டது. பார்டோசா சுமத்ரானா. மெஹருன்னிசா நேரில் வந்து மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைக் காட்டினார். அடிவயிற்று அடையாளம் எனக்கு ஒரு சாவித் துவாரம் மாதிரித் தெரிந்தது. ஸ்பெயினுக்குப் போன குட்டிக்கும் இதற்கும் உடம்புக் கோடுகள் ஒத்துப்போகின்றன, அங்கே போனது இதுவாகத்தான் இருக்கும், மற்ற வகைகள் களத்தில் அரிது என்று எழுதிக் கொடுத்தார். 'இருக்கும்' என்கிற வார்த்தையை எடுத்துவிடக் கேட்டேன், மறுத்துவிட்டார். மனுஷனுக்கு ஆபத்தில்லை, செடியைத் தொடாது, பூச்சியைத்தான் தின்னும் என்பதும் இருக்கிறது. அது போதும்.

"எப்படிம்மா உள்ள போச்சு?"

"நீங்கதான் சார் அனுப்பி வெச்சீங்க. கட்டியைச் சுத்தி பிளாஸ்டிக் உறை போட்டுட்டு ஒரு ராத்திரி களத்துல வெளிய வெக்கறீங்களே, ஏன்?"

"அழுத்துன சூடு ஆறணுமில்லீங்களா?"

"அதுக்கு மேல பெரிய விளக்கு. விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்கு எட்டுக்கால், எட்டுக்காலுக்கு உறையோட மடிப்பு. சாப்பாடு போட்டு, படுக்கை விரிச்சு, கன்டெய்னர்ல ஏத்தி விட்டிருக்கீங்க."

நாச்சிமுத்து என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். சூடு ஆறட்டும் என்று ஆரம்பித்து வைத்ததே நான்தான் என்பது அவனுக்குத் தெரியும். இனிமேல் கொட்டகைக்குள் ஆறவைத்து, பிறகே உறை.

நவம்பர் 28

ஸ்பெயின் ஒத்துக்கொண்டது. மூன்று கன்டெய்னரும் கிளம்பலாம். எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன்.

நவம்பர் 29

மரகதத்துக்கு போன் பண்ணவில்லை. சொல்ல விஷயம் இல்லை.

டிசம்பர் 1

இன்றும் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

போன் பண்ணினேன். அந்த ஆண் சிலந்தி மறுபடி வந்தது, அதே இடத்தில் நின்று ஆடியது, இந்தத் தடவை பொட்டை ஒரு காலைத் தூக்கிப் பதில் சொன்னது என்று விவரமாகச் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, "ஏனுங்க, மத்தியானத்துல இருந்து அங்க மழை கொட்டுதுன்னு நாச்சிமுத்து பொண்டாட்டி சொன்னா. மழையில குடை புடிச்சுட்டு ஆடுச்சாக்கும்?" என்றாள்.

டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்ல."

அவள் உடனே வைக்கவில்லை. பின்னால் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். மண்டியில் இப்படிக் காத்திருந்தால் எதிராளி பேசிவிடுவான்.

"ஞாயித்துக்கெழம புது வீட்டுக்குப் போறோம். சேலை வந்துச்சுன்னா அந்த அலமாரியிலயே அடுக்கிருவேன்" என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 3, புதன்

காலையில் பீரோவிலிருந்து சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அட்டைப்பெட்டி கொண்டுவரச் சொன்னேன். பெட்டி வந்தது. அதற்கு அடியில் ஒரு பேப்பர் விரித்தேன். அதோடு நின்றுவிட்டது. களத்துக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்கு தூளை அழுத்துகிற பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்றபடியே போன் போட்டேன். வேலை நேரத்தில் நான் வீட்டுக்கு போன் பண்ணுகிற ஆள் இல்லை. அவள் பயந்துவிட்டாள்.

"என்னாச்சுங்க? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வா."

"கேக்கலீங்க. ஒரே சத்தம்."

"வீட்டுக்கு வான்னேன்!"

"என்னது?"

நான் கத்துவதைப் பார்த்து ஏதோ விபத்து என்று நினைத்து நாச்சிமுத்து ஓடிப்போய் பிரஸ்ஸை நிறுத்திவிட்டான். களமே நிசப்தமாயிற்று. நான் அதே வேகத்தில், "நீ இல்லாம என்னால முடியல மரகதம், வீட்டுக்கு வா!" என்று கத்தினேன். தூள் அள்ளுகிற பெண்கள் அத்தனை பேரும் சட்டியோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தி, "அக்கா, வந்துருங்கக்கா!" என்று குரல் கொடுத்தாள். நாச்சிமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான், வேர்வையே இல்லாத முகத்தை.

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"இதைச் சொல்றதுக்கு இத்தனை மாசம் ஆச்சுங்களா?" என்றாள்.

"நீயா வருவேன்னு இருந்தேன்."

"நீங்களாக் கூப்பிடுவீங்கன்னு நானும் இருந்தேன். கோகுல் ரூம் பாத்தான், சேலை கேட்டுப் பாத்தேன், அதுக்கும் நீங்க வாயத் தொறக்கல. எட்டுக்காலப் பத்தியே பேசிட்டிருந்தீங்க."

"அதான் இப்பச் சொல்லிட்டேனே."

"சொன்னாப் போதுமா? சும்மா வந்துருவனா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எதிராளி உட்கார்ந்துவிட்டான், இனிப் பேரம்தான். கொட்டகைக்குள் போய்க் கட்டியின் மேல் உட்கார்ந்தேன். நாச்சிமுத்துவிடம் பிரஸ் இப்போது வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

மாதத்தில் பாதி நாள் பெங்களூர் என்றாள். சீசன் நேரத்தில் முடியாது என்றேன். "அப்பச் சரி, வுடுங்க" என்றாள். இரு இரு என்று பதறிவிட்டேன், அதிலேயே என் பலம் போய்விட்டது. ஐந்து நாள் என்றேன். பேத்தி என்ன நார்த்தூளா, ஐந்து நாள் பார்த்துவிட்டு மூடிவைக்க என்றாள். நீச்சலை விட மாட்டாளாம், தோட்டத்துக் கிணற்றுக்கு இறங்குகிற மாதிரிப் படி கட்ட வேண்டும். சரி என்றேன், ஆழம் எத்தனை என்று அவளே கேட்டாள், இரண்டு பேரும் சிரித்தோம். நான் இங்கிருந்து வண்டி அனுப்புகிறேன் என்றதற்கு, வண்டி தனியாக வந்தால் தனியாகத் திரும்பும் என்றாள்.

முடிந்தது இப்படி: மாதத்தில் பத்து நாள் பெங்களூர், மிச்ச நாள் இங்கே. அந்தப் பத்து நாளும் நானும் கூட இருக்க வேண்டும். முதல் பத்து நாள் சனிக்கிழமை தொடங்குகிறது. வீடு மாற்றுகிற அன்று சாமான் தூக்குவது என் பொறுப்பு. போக வர இரண்டு பேர் செலவும் என்னுடையது.